மேட்டிலும் பள்ளத்திலும் என் சக்கர நாற்காலி

"பத்திரமா இரு" என்ற சொல்லை நமது வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கின்றோம்! பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சொல்கின்றோம், கொழும்புக்கு வேலைக்குப் போகும் மகளுக்கும் சொல்கின்றோம். நடந்து போகிறவர்களுக்குச் சொல்லும்போது அதற்கு 'கவனமாகப் போய் வா' என்று பொருள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லும்போது மட்டும் அதற்கு 'எங்கேயும் போகாதே' என்று பொருள் வந்துவிடுகின்றது. இந்த இரண்டாவது பொருள் எவ்வளவு ஆபத்தானது என்பதையும், முதலாவது பொருளில் பத்திரமாக இருப்பதற்கு நாம் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் பற்றி என் சகோதரிகளுடன் சிறிது பேச விரும்புகின்றேன்.

நான் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை ஆகிய பகுதிகளில் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டபோது எனக்கு நாலு வயது. எங்களைப் போன்ற பல குடும்பங்கள் அப்போது வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 2009இல் அந்த வன்னியிலேயே ஷெல் துண்டு என் முள்ளந்தண்டில் பட்டது. செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றப்பட்டு, வைத்தியசாலை, முகாம் என்று அலைந்து, 2012இல் நான் மீண்டும் இந்தத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தேன். அன்று எங்களுடன் வராமல் இங்கேயே தங்கிவிட்ட பெரியம்மாவின் மகள், என் அக்கா, "எங்க கூட வந்து இரு புள்ள" என்று கூட்டி வந்தாள்.

இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு இல்லை. வன்னியில் இருந்தபோது தரை சமதரை. மணலில் சக்கரம் புதையும், தள்ளுவதற்குக் கை வலிக்கும், ஆனால் நாற்காலி தானாக ஓடாது. சபரகமுவை மலைப் பிரதேசம். இங்கே லயத்து வாசலில் இருந்து ரோட்டுக்கு வருவதென்றால் படி இறங்க வேண்டும், கானைத் தாண்ட வேண்டும், அதற்குப் பிறகு இறக்கம். அதோடு வருஷத்தில் பாதி நாள் மழை. ஒரே நாற்காலிதான், ஆனால் இரண்டு ஊரில் இரண்டு விதமான வண்டி. இதை எனக்கு நாற்காலி தந்தவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

பொலித்தீன் கழற்றாத நாற்காலி

நான் வந்த அடுத்த வருஷம் பக்கத்து டிவிசனில் ஓர் அக்காவைப் பார்க்கப் போனோம். பால் வெட்டப் போன இடத்தில் மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர். அவருக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. வீட்டார் நல்லவர்கள். வெளியே கொண்டுபோனால் விழுந்துவிடுவார் என்று பயந்து, காம்பராவுக்குள்ளேயே கட்டிலில் பத்திரமாக வைத்திருந்தார்கள். நாற்காலியின் கைப்பிடியில் சுற்றியிருந்த பொலித்தீன்கூடக் கழற்றப்படவில்லை. அந்த அக்கா கீழே விழவே இல்லை. ஆனால் ஒரே இடத்தில் படுத்திருந்ததால் முதுகின் அடிப்பக்கத்தில் புண் வந்து, உள்ளுக்குள் அழுகி, காய்ச்சல் கண்டு, பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது காலம் கடந்துவிட்டது.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு விழுவதைவிடப் பெரிய எதிரி படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் இவர்களுக்கெனத் தனி விடுதி தொடங்கும்வரை, முள்ளந்தண்டு வடம் முறிந்தவர்களில் பெரும்பாலானோர் நீண்ட காலம் வாழ்ந்ததில்லை. அவர் செய்தது மந்திரமல்ல. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீர் தேங்காமல் பார்த்துக்கொண்டார். பிறகு அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்து விளையாடவும் வேலை செய்யவும் விட்டார். இன்று உலகம் பார்க்கும் பராலிம்பிக் விளையாட்டு 1948இல் அந்த வைத்தியசாலை முற்றத்தில் தொடங்கியதுதான்.

ஆகவே, சகோதரிகளே, காம்பராவுக்குள் முடங்கிக் கிடப்பது பாதுகாப்பு அல்ல. பாதுகாப்பாக வெளியே போகத் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு.

அளவெடுக்காத ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்க அளவெடுக்கின்றோம். ஒருத்தியின் ஜாக்கெட் மற்றவளுக்குச் சரிவராது என்று எல்லோருக்கும் தெரியும். நாற்காலியை மட்டும் ஒரே அளவில் கொண்டுவந்து, மண்டபத்தில் கூட்டம் வைத்து, படம் எடுத்துக்கொண்டு, வரிசையாகக் கொடுத்துவிட்டுப் போகின்றார்கள். எனக்கு முதலில் கிடைத்ததும் அப்படியொரு நாற்காலிதான். பெரிய உடம்புக்காரருக்குச் செய்தது. மெத்தையும் இல்லை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், உடம்பையும் ஊரையும் பார்த்து நாற்காலியைத் தெரிவு செய்ய வேண்டும், அளவு சரிபார்க்க வேண்டும், ஓட்டப் பழக்க வேண்டும், பிறகும் வந்து பார்க்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. கொடுப்பவர்களிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில அளவுகள் உள்ளன. நிமிர்ந்து உட்கார்ந்ததும் இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ளங்கை மட்டும் நுழைந்தால் அகலம் சரி. அதற்கு மேல் இடம் இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், நாளடைவில் முதுகு வளையும். கை எட்டி எட்டித் தள்ளுவதால் தோள் மூட்டும் தேயும். முழங்காலின் பின் மடிப்புக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கால்மிதி தரையில் தட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. அப்படி நின்றால் உடம்பின் பாரம் முழுவதும் இருப்பெலும்பில் விழும்.

நாம் இன்று பாவிக்கும் மடிக்கும் நாற்காலிக்கும் நமது இரத்தினபுரி போன்ற ஊர்களுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவர் 1918இல் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். அக்காலத்து நாற்காலி பாரமான மரத்தால் ஆனது, காரில் ஏற்ற முடியாது. அவருடைய நண்பரான ஹரி ஜெனிங்ஸ் என்ற பொறியியலாளர், பெருக்கல் குறி போல் மடியும் இரும்புக் குழாய் நாற்காலியை 1930களில் அவருக்காகச் செய்து கொடுத்தார். மாணிக்கக்கல் குழிகளில் மண் சரிந்து முதுகு முறிந்தவர்கள் உள்ள நமது மாவட்டத்திலும் அந்த நாற்காலியின் பேரப்பிள்ளைகள்தான் ஓடுகின்றன. ஆனால் அது நல்ல தரைக்கும் காருக்கும் செய்யப்பட்டது. முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் கல்லிலும் கானிலும் மாட்டிக்கொள்ளும். மேடு பள்ளத்துக்கு ஏற்றது, முன்பக்கம் நீண்டு, ஒரே பெரிய முன்சக்கரத்தோடு இருக்கும் மூன்று சக்கர நாற்காலி. மோட்டிவேஷன் என்ற பிரித்தானிய நிறுவனம் இவ்வகை நாற்காலிகளை நம்மைப் போன்ற நாடுகளுக்காக வடிவமைத்துள்ளது. புதிதாக நாற்காலி கேட்கும் தோட்டத்துப் பெண்கள் "எங்கள் ரோட்டுக்குத் தோதான நாற்காலி" என்று கேட்பது நல்லது.

பிரேக் எதற்காக?

பலர் நினைப்பதுபோல் பிரேக் வேகத்தைக் குறைப்பதற்கு அல்ல. நின்ற நாற்காலி நகராமல் இருப்பதற்கு மட்டும்தான். இறக்கத்தில் ஓடும்போது பிரேக்கைப் போட்டால் சக்கரம் சட்டென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் வீசப்படுவார். ஓடும் நாற்காலியை அடக்குவது சக்கரத்தோடு இருக்கும் கைவளையமும் நமது உள்ளங்கையும்தான்.

கட்டிலுக்கு மாறும்போதும், நாற்காலிக்கு ஏறும்போதும், யாரையாவது காத்து நிற்கும்போதும் இரண்டு பக்கப் பிரேக்கையும் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் நாற்காலி சுழன்றுவிடும். இன்னொரு விஷயம் உண்டு. பிரேக் கட்டை டயரை அழுத்தித்தான் பிடிக்கின்றது. டயரில் காற்று இறங்கினால் கட்டை சரியாகத் தொடாது, பிரேக் போட்டிருந்தும் நாற்காலி நகரும். ஆகவே வாரம் ஒரு தடவை பெருவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள். அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அமுங்கினால் காற்றடிக்க வேண்டும். பெரிய சக்கரம் பொதுவாக 24 அங்குலம், சைக்கிள் கடைக்காரருக்கே டியூப் ஒட்டத் தெரியும். அக்கா மகன் சைக்கிள் பம்பினால் அடித்துத் தருகின்றான்.

மழையில் கைவளையமும் பிரேக்கும் ஈரமாகி வழுக்கும். இரண்டையும் துடைக்க ஒரு துணித்துண்டு எப்போதும் நாற்காலிப் பையில் இருக்கட்டும். பழைய சைக்கிள் டியூப்பை வளையத்தில் சுற்றினால் ஈரத்தில் நல்ல பிடி கிடைக்கும். ஆனால் இறக்கத்தில் அது உள்ளங்கையைச் சுடும், கையுறை வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் போகும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். பின் கைப்பிடியில் பாரமான பை தொங்கவிடக்கூடாது. தண்ணீர்க் கேன், அரிசிப் பை என்று பின்னால் மாட்டிவிடுவது தோட்டத்தில் வழக்கம். சமதரையில் ஒன்றும் ஆகாது. ஏற்றத்தில் அந்தப் பாரமே நம்மைப் பின்னுக்கு இழுக்கும். பாரத்தை இருக்கைக்கு அடியில் கட்டுவதே பாதுகாப்பு.

இறக்கத்தில் தனியாகப் போவதென்றால் உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு வளையமும் சமமாக உள்ளங்கையில் உரசிப் போகும்படி மெதுவாக விட வேண்டும். நடுச் சரிவில் குறுக்கே திரும்பக்கூடாது. இறக்கம் செங்குத்தாக இருந்தால் துணையில்லாமல் போகவே கூடாது. துணைக்கு வருபவர் நாற்காலியைத் திருப்பி, நம் முகம் மேட்டைப் பார்க்க, தான் பள்ளத்துப் பக்கம் நின்று பின்னடியாக இறக்க வேண்டும். அப்போது நமது பாரம் அவருடைய உடம்பில் தாங்கும். முன்னால் விழ வழியில்லை.

படியில் முறை சற்று வேறு. ஏறும்போது நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துப் பெரிய சக்கரத்தை ஒவ்வொரு படியாக இழுக்க வேண்டும். இறங்கும்போது நம் முகம் பள்ளத்தைப் பார்க்க, நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தபடியே பெரிய சக்கரத்தை ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும். ஒருவர் பின்னாலும் ஒருவர் முன்னாலும் வேண்டும். முன்னால் நிற்பவர் கால்மிதியையோ கைத்தாங்கியையோ பிடித்துத் தூக்கக்கூடாது, அவை கழன்று கையோடு வரும் பாகங்கள். இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

உதவி செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாற்காலியைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். அது எங்களுக்குக் கால். கேட்காமல் பின்னாலிருந்து தள்ளினால், வளையத்தில் வைத்திருக்கும் விரல் நசுங்கும். அதைவிட, கேட்காமல் ஆண்கள் வந்து கைகொடுத்துத் தூக்கும்போது ஒரு பெண்ணின் மனம் படும் பாட்டை இங்கு விவரித்து எழுதத் தேவையில்லை, வாசிக்கும் உங்களுக்கே தெரியும். யார் தூக்குவது, எங்கே பிடிப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் இப்போது சத்தமாகச் சொல்லப் பழகிவிட்டேன். "தம்பி, இந்தக் கம்பியைப் பிடிங்க. நான் மூணு எண்ணுனதும் தூக்குங்க." முதலில் கூச்சமாக இருந்தது. தூக்குபவர்களுக்கே அது இலகு என்று பிறகுதான் தெரிந்தது.

ஓரடிக்குப் பன்னிரண்டடி

வாசலில் சாய்தளம் கட்டித் தருகின்றோம் என்று யாராவது வந்தால் முதலில் ஒரு கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இது உலகமெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. எங்கள் லயத்து இஸ்தோப்பு முற்றத்திலிருந்து ஒன்றரை அடி உயரம். அதற்குப் பதினெட்டடிச் சாய்தளம் வேண்டும். முதலில் கட்டித் தந்தவர்கள் நாலடியில் கட்டிவிட்டுப் போனார்கள். அது சாய்தளம் அல்ல, சறுக்கு மரம். அதில் ஆட்டுக்குட்டிதான் ஏறி விளையாடியது.

வாசலுக்கு நேரே பதினெட்டடி இடமில்லை. மேசன் பாஸ் ஒருவர் சுவர் ஓரமாகவே நீளவாக்கில் கட்டலாம் என்று யோசனை சொன்னார். அக்கா வீட்டுக்காரரும் பக்கத்துக் காம்பராப் பையன்களும் மண் சுமந்தார்கள். மேலே கதவடியில் நாற்காலி நின்று திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதரை விட்டோம். சக்கரம் வெளியே போய்விடாமல் இரண்டு பக்கமும் மூன்று அங்குலத்துக்கு வரம்பு கட்டினோம். சீமெந்து காய்வதற்கு முன் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிட்டதால் மழையிலும் டயர் வழுக்குவதில்லை. பாசி பிடிக்காமல் மாதம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். கானுக்கு மேலே பலகை போட்டோம். இடைவெளிகள் சக்கரம் போகும் திசையில் இருந்தால் சின்னச் சக்கரம் உள்ளே இறங்கிவிடும் என்பதால் பலகைகளைக் குறுக்கே அடித்தோம்.

புது வீடு கிடைக்க இருப்பவர்கள் அத்திவாரம் வெட்டும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். கதவு அகலமும் அப்படித்தான். கட்டிய பிறகு உடைப்பது இரட்டைச் செலவு.

அரசாங்கக் கட்டடங்களுக்குச் சட்டமே இருக்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கின்றது. பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் செல்லக்கூடிய வசதி வேண்டும் என்ற ஒழுங்கு விதிகள் 2006இல் வந்தன. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த அஜித் பெரேரா என்ற முன்னாள் கிரிக்கெட் நடுவர், அந்த விதிகள் ஏட்டளவிலேயே இருக்கின்றன என்று உயர் நீதிமன்றம் சென்று 2011இல் தீர்ப்பும் பெற்றார். மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வளவும் இருந்தும் நான் வாக்களிக்கப் போன இடத்தில் படிகளே இருந்தன, நாலு பேர் தூக்கித்தான் உள்ளே போனேன். சட்டம் தானாகப் படி ஏறி வராது. பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பெண்களுக்கே உரிய கவனங்கள்

புத்தகங்களில் அதிகம் எழுதாத சில விஷயங்களை அனுபவத்திலிருந்து சொல்கின்றேன். சேலை முந்தானை, தாவணி, நீளப் பாவாடை, சின்னப் பிள்ளையின் துவாய் எல்லாம் சக்கரக் கம்பியில் சுற்றும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பாவாடை ஓரத்தை இருக்கைக்குள் மடித்து வையுங்கள்.

அடுப்படியில் மிகுந்த கவனம் தேவை. உணர்வில்லாத கால் சுட்டாலும் தெரியாது. சூடான தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை உருட்டக்கூடாது. மடியில் ஒரு பலகையோ தட்டோ வைத்து, அதன்மேல் மூடியுள்ள பாத்திரம் வைக்கலாம். விறகடுப்புக்கு முன்னால் முழங்கால் நெருப்பைப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று சமைப்பது நல்லது.

சபரகமுவை மழைக்கு அட்டைகள் அதிகம். கடித்தாலும் நமக்குத் தெரியாது. வெளியே போய் வந்ததும் பாதம், விரலிடுக்கு, கணுக்கால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சின்னக் கடிவாயும் புண்ணாகி ஆறாமல் இழுக்கும். கரடுமுரடான பாதையில் கால் மிதியிலிருந்து நழுவி அடியில் மாட்டிக்கொண்டால்கூடத் தெரியாது. கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டி குறுக்கே கட்டிவிட்டால் கால் பின்னால் போகாது.

கட்டிலுக்கு மாறும்போது நாற்காலியைக் கட்டிலோடு சரிவாக ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, கால்மிதியை மடித்துவிட்டே நகர வேண்டும். கால்மிதியில் பாரம் கொடுத்தால் நாற்காலி முன்னால் குப்புறக் கவிழும்.

கக்கூசு விஷயத்தை வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைக்கின்றார்கள். அது சிறுநீர்த் தொற்றை அழைத்து வரும். குந்தும் கோப்பைக்கு மேலே நடுவில் ஓட்டையிட்ட மரக்கதிரை வைத்துப் பாவிக்கலாம். ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து ஸ்போஞ் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் கதிரையை வெட்டிச் செய்வது ஆபத்து. கால் விரிந்து வழுக்கும், விளிம்பு தோலைக் கிழிக்கும்.

மெத்தை இல்லாத நாற்காலியில் அதிக நேரம் உட்காராதீர்கள். கால் மணித்தியாலம், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்னால் முழங்காலில் குனிந்தோ, ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்தோ, இரண்டு நிமிஷமாவது இருப்பெலும்புக்கு ஓய்வு கொடுங்கள். இரவில் படுக்கும்முன் கண்ணாடி பிடித்துத் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அமுக்கினாலும் நிறம் மாறாமல் நின்றால், நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஓரிடம் அதிகமாகக் கறுத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அது ஆறும்வரை அந்த இடத்தில் பாரம் வைக்கக்கூடாது. பக்கத்து டிவிசன் அக்காவுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் இன்றும் எங்களோடு இருந்திருப்பார் என்றே நினைக்கின்றேன்.

மழை வலுக்கும் முன்

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க மலை சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகின்றது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மற்றவர்கள் சிவப்புக்கு வெளியேறினால், நாற்காலியில் இருப்பவர்கள் அதற்கு முன்பே, பகல் வெளிச்சத்திலேயே போய்விட வேண்டும். இருட்டில், சேற்றில், எல்லோரும் ஓடும் நேரத்தில் நாற்காலி ஓடாது. உங்கள் வீட்டில் நடக்க முடியாத ஒருவர் இருக்கின்றார் என்பதைக் கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் பதிந்து வையுங்கள். எந்த இரண்டு பேர் உங்களைத் தூக்குவார்கள் என்பதை மழைக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நாற்காலியை விட்டுப் போக நேர்ந்தாலும் மெத்தையையும் மருந்தையும் சிறுநீர்க் குழாயையும் கையோடு எடுங்கள்.

எங்கே பழகுவது?

இவையெல்லாம் எனக்குத் தானாக வரவில்லை. றாகமையிலும் கண்டி திகனையிலும் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. அங்கே இயன்மருத்துவர்கள் சொல்லித் தருவார்கள். உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் கடிதம் கேட்டு வாங்குங்கள். வன்னியில் மாங்குளத்தில், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக உயிரிழை என்னும் அமைப்பு இயங்குகின்றது. நாற்காலியில் இருப்பவருக்கு நாற்காலியில் இருப்பவரைப்போல் நல்ல ஆசிரியர் இல்லை.

மனந்தளரும் நேரங்களில் நான் நினைத்துக்கொள்வது வேலூரில் வாழ்ந்த மேரி வர்கீஸ் அம்மையாரை. கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியராக இருந்தவர். 1954இல் கார் விபத்தில் முள்ளந்தண்டு முறிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் பழகினார். பிறகு அமெரிக்கா சென்று புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். அவரையும் "பத்திரமாக வீட்டில் இரு" என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தால் எத்தனை பேர் எழுந்திருக்க மாட்டார்கள்!

நாம் எல்லோரும் வைத்தியராக வேண்டியதில்லை. நான் ஜாக்கெட் தைக்கின்றேன். மாதம் இரண்டு தடவை காவத்தைக்குப் போய் நூலும் லைனிங் துணியும் நானே பார்த்து வாங்குகின்றேன். நிறம் பொருந்துகிறதா என்று வேறொருவர் கண்ணால் பார்த்தால் சரிவருவதில்லை. அதற்காக இறக்கத்தையும் கானையும் பஸ் படியையும் தாண்டுவது எனக்குப் பெரிய வேலைதான். ஆனாலும் அது என் வேலை.

இதை வாசிக்கும் சகோதரிகளில் நாற்காலியில் இருப்பவர்கள் இன்றைக்கே இரண்டு டயரையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பிரேக் ஆணியை முறுக்குங்கள். சேறு காய்ந்திருந்தால் துடைத்து அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். நடக்கக்கூடியவர்கள், உங்கள் லயத்திலோ கிராமத்திலோ பொலித்தீன் கழற்றாத நாற்காலி ஒன்று இருந்தால் அந்த வீட்டுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். உள்ளே படுத்திருப்பவரிடம் "எங்கே போக ஆசை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்துக்குப் போகும் வழியில் எத்தனை படி, எத்தனை கான் என்று அவரோடு சேர்ந்து எண்ணத் தொடங்குங்கள்.